வாசகர் கேள்வி–பதில்: மிஞ்சிய ஆன்டிபயாட்டிக்கைப் புற்றுநோய்க்குக் கொடுக்கலாமா?

கேள்வி: என் கணவர் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். சென்ற ஆண்டு அவருக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. இடுப்புப் பட்டை படும் இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கும் இருந்தது. கிளினிக்கில் டாக்சிசைக்ளின் என்ற மருந்தை ஏழு நாளுக்குக் கொடுத்தார்கள். காய்ச்சல் இரண்டே நாளில் இறங்கிவிட்டதால் ஐந்தாம் நாளோடு நிறுத்திவிட்டார். மீதி நான்கு கேப்சூல் சாமி அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. என் அண்ணிக்கு மார்பகப் புற்றுநோய். ஈப்போவில் அறுவை முடிந்து இப்போது கீமோ நடக்கிறது. இதே மருந்து புற்றுநோயின் வேரையே அறுத்துவிடும் என்றும், மலிவாகக் கிடைப்பதால்தான் அதை மறைக்கிறார்கள் என்றும் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஒரு செய்தி வந்தது. அண்ணிக்கு இதைக் கொடுக்கலாமா? பெரிய டாக்டரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. – பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: கொடுக்க வேண்டாம், சகோதரி. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுவதற்குக் காரணம் உண்டு. அந்தப் புலனச் செய்தி முழுப் பொய் அல்ல என்பதைத்தான் இந்தப் பதிலின் பெரும்பகுதி பேசப்போகிறது. பாதியில் இதழை மூடி வைக்கிறவர் எவரும் தவறான பாதியை எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது.

உங்கள் கணவருக்கு வந்தது உண்ணிக்காய்ச்சலாகத்தான் இருக்க வேண்டும். கறுத்த பொருக்கு அதன் கையெழுத்து. கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு கடித்த இடம் அது. நம் தோட்டங்களுக்கும் இந்தக் காய்ச்சலுக்கும் நூறு ஆண்டுப் பழக்கம் இருக்கிறது. 1920களில் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் பணியாற்றிய ஃபிளெட்சர், லெஸ்லர் ஆகிய மருத்துவர்கள், செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்தவர்களிடம் கண்ட ஒருவகை டைபஸ் காய்ச்சலைப் பிரித்து அடையாளம் காட்டினார்கள். அதுதான் இந்த உண்ணிக்காய்ச்சல். அதற்கு மருந்து கிடைத்தது 1948இல். சுங்கை சிப்புட்காரர்கள் அந்த ஆண்டைத் தோட்டத் துரைகள் சுடப்பட்டதற்காகவும் அவசரகாலத்திற்காகவும் நினைவில் வைத்திருப்பார்கள். அதே ஆண்டில்தான் ஜோசப் ஸ்மாடல் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு கோலாலம்பூருக்கு வந்து, குளோராம்பெனிகால் என்ற புதிய ஆன்டிபயாட்டிக்கை உண்ணிக்காய்ச்சல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. நோயாளிகள் வேகமாகத் தேறி எழுந்தார்கள். பின்னாளில் அந்த இடத்தை டாக்சிசைக்ளின் பிடித்துக்கொண்டது.

இந்தப் பழங்கதையை இங்கே இழுப்பது ஊர்ப் பெருமைக்காக அல்ல. உண்ணிக்காய்ச்சலை உண்டாக்கும் கிருமி, ரிக்கெட்சியா என்னும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. 1998இல் சுவீடனின் உப்சாலா நகர ஆய்வாளர்கள் அந்தக் குடும்பத்தில் ஒன்றான டைபஸ் கிருமியின் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து முடித்தபோது, அதற்கு மிக நெருங்கிய உறவுக்காரர் ஒருவர் நம் ஒவ்வொருவர் உடம்புக்குள்ளும் இருப்பது உறுதிப்பட்டது. அந்த உறவுக்காரரின் பெயர் மைட்டோகாண்ட்ரியா. பள்ளிப் பாடநூலில் இழைமணி என்று படித்திருப்பீர்கள். உங்கள் அண்ணிக்காக நீங்கள் கேட்ட கேள்வியின் விடை இந்த உறவில்தான் இருக்கிறது.

நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் தனித்துத் திரிந்த ஒரு பாக்டீரியா, வேறொரு உயிரணுவுக்குள் புகுந்து, அழிக்காமலும் அழியாமலும் அங்கேயே தங்கிவிட்டது. 1967இல் லின் மார்குலிஸ் என்ற உயிரியலாளர் இதைக் கட்டுரையாக எழுதியபோது பலர் ஏற்கவில்லை. இன்று அது பாடம். வந்து தங்கிய அந்த உயிர் தன்னிடமிருந்த மரபணுக்களில் பெரும்பாலானவற்றைக் காலப்போக்கில் இழந்தும் வீட்டுக்கார உயிரணுவிடம் ஒப்படைத்தும்விட்டது. ஆனால் எல்லாவற்றையும் விட்டுவிடவில்லை. கூட்டுக் குடும்பத்தில் தனி அடுப்பு வைத்துக்கொண்டிருக்கும் சித்தப்பா வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அரிசியும் பருப்பும் பெரிய வீட்டிலிருந்து வந்துவிடும். ஆனால் ஒருசில பதார்த்தங்களை மட்டும் அவர்கள் தங்கள் அடுப்பில்தான் சமைப்பார்கள். மனித மைட்டோகாண்ட்ரியாவிடம் இன்னும் 16,569 எழுத்துகள் கொண்ட சிறு வளையமாக ஒரு டி.என்.ஏ. இருக்கிறது. அதில் 37 மரபணுக்கள். அவற்றில் புரதத்துக்கான குறிப்பு 13இல் மட்டும். அந்த 13 புரதங்களும், நாம் மூச்சாக இழுக்கும் ஆக்சிஜனை வைத்து உயிரணுவுக்கு வேண்டிய ஆற்றலை உண்டாக்கும் இயந்திரத்தின் நடுப்பாகங்கள்.

அவற்றைச் சமைக்கும் அடுப்புக்கு ரைபோசோம் என்று பெயர். நம் உயிரணுவின் பெரிய ரைபோசோம் வேறு அமைப்பு. மைட்டோகாண்ட்ரியாவின் சின்ன ரைபோசோமோ இன்னும் பாக்டீரியாச் சாயலிலேயே இருக்கிறது. டாக்சிசைக்ளின் பாக்டீரியாவின் ரைபோசோமில் சிறிய துண்டின்மீது போய் உட்கார்ந்து, புரதம் கோக்கும் வேலையை நிறுத்துகிறது. குளோராம்பெனிகால், அசித்ரோமைசின், லைனசோலிட் ஆகியவை பெரிய துண்டைப் பிடிக்கின்றன. அடுப்பு ஒரே சாயல் என்பதால், கிருமிக்கு வைத்த அடியில் கொஞ்சம் மைட்டோகாண்ட்ரியாவின்மேலும் விழுகிறது. எந்த மருந்தில் எவ்வளவு விழும் என்பதில் வேறுபாடு உண்டு. ஒரு வாரம் சாப்பிடுகிற டாக்சிசைக்ளினில் அது நமக்குத் தெரிவதில்லை. லைனசோலிடை 28 நாளுக்கு மேல் கொடுக்க மருத்துவர்கள் தயங்குவதற்கும், நாள்பட்டால் இரத்த அணுக்கள் குறைவதும் கண் நரம்பும் கால் நரம்பும் கெடுவதும் நேர்வதற்கும் இந்த உறவுதான் பெருங்காரணம். குளோராம்பெனிகால் எலும்பு மச்சையை ஒடுக்குவதும் இவ்வழியில்தான்.

மருந்தின் பக்கவிளைவு என்று இதுவரை ஒதுக்கி வைத்திருந்த இந்தக் குறையையே புற்றுநோய்க்கு எதிரான ஆயுதமாக்கிவிட்டால் என்ன என்பதுதான் ஆய்வாளர்கள் எழுப்பிய கேள்வி. இது நேற்று முளைத்த யோசனை அன்று. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் குரூன் என்பவரின் குழு 1986இலேயே, மைட்டோகாண்ட்ரியாவின் புரத உற்பத்தியைத் தடுத்தால் மனிதச் சிறுநீரகப் புற்று, புராஸ்டேட் புற்று ஆகியவற்றின் வளர்ச்சி நிற்கிறது என்று எழுதியிருக்கிறது. ஆனால் அக்காலத்தில் காற்று வேறு பக்கம் வீசிக்கொண்டிருந்தது. புற்றுநோய் உயிரணுக்கள் ஆக்சிஜன் இருக்கும்போதும் சர்க்கரையை நொதிக்கவைத்தே பிழைக்கின்றன என்று 1920களில் ஓட்டோ வார்பர்க் கண்டார். அவற்றின் மைட்டோகாண்ட்ரியா பழுதாகிவிட்டதே அதற்குக் காரணம் என்றும் அவர் நம்பினார். அவர் கண்டது சரி, சொன்ன காரணம் பொதுவாகச் சரியில்லை. பெரும்பாலான புற்றுகளில் மைட்டோகாண்ட்ரியா நன்றாகவே வேலை செய்கிறது. சில வகை உயிரணுக்கள் அதையே முழுமையாக நம்பியும் இருக்கின்றன. அப்படி நம்பியிருப்பவற்றில் முக்கியமானவை புற்றுநோயின் தண்டு உயிரணுக்கள். கீமோவுக்குத் தப்பிப் பதுங்கிக் கிடந்து பிறகு கட்டியை மீண்டும் தழைக்கச் செய்பவை இவையே என்று கருதப்படுகிறது. லாலான் புல்லை மேலே வெட்டிவிட்டு வந்தால் மண்ணுக்கடியில் கிடக்கும் கிழங்கு மறுபடி துளிர்ப்பதைத் தோட்டத்தில் பார்த்திருப்பீர்கள். உங்களுக்கு வந்த செய்தியில் ‘வேர்’ என்று இருந்தது இதைத்தான்.

2011இல் கனடாவின் டொரோன்டோவில் ஆரன் ஷிம்மரின் குழு, ஏற்கெனவே புழக்கத்திலிருக்கும் மருந்துகளை ஒவ்வொன்றாக ஒருவகை இரத்தப் புற்று உயிரணுக்கள்மீது சோதித்தபோது, டைகசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் அவற்றைக் கொன்றது. அது டாக்சிசைக்ளினின் நெருங்கிய உறவு. மைட்டோகாண்ட்ரியாவின் அடுப்பை அணைத்தே அது கொன்றது என்றும் அவர்கள் காட்டினார்கள். 2015இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் மைக்கேல் லிசான்டி, ஃபெடரிகா சோட்ஜியா ஆகியோரின் குழு, எட்டுவகைப் புற்றுகளிலிருந்து எடுத்த 12 உயிரணு வரிசைகளில் தண்டு உயிரணுக்கள் பெருகுவதைச் சில ஆன்டிபயாட்டிக்குகள் தடுப்பதாக வெளியிட்டது. லிசான்டியின் எட்டு வயது மகளிடம் புற்றுநோயை எப்படிக் குணப்படுத்துவாய் என்று வீட்டில் கேட்டதற்கு, தொண்டை வலிக்குக் கொடுப்பதுபோல ஆன்டிபயாட்டிக் கொடுக்கலாமே என்று அச்சிறுமி சொன்னாளாம்; அதிலிருந்துதான் ஆய்வு தொடங்கியது என்ற செய்தி அப்போது உலகெங்கும் பரவியது. கேட்க இனிமையான செய்திதான். ஆனால் அதன் இனிமையே ஆய்வை விட வேகமாக ஓடி, கண்ணாடித் தட்டில் வளர்த்த உயிரணுக்களைப் பற்றிய ஒரு முடிவை ‘மருந்து கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது’ என்று நம் புலனக் குழுக்கள் வரை கொண்டுவந்து சேர்த்துவிட்டது என்பது என் எண்ணம்.

மனிதர்களிடம் பார்த்தபோது என்ன ஆனது? டைகசைக்ளினை இரத்தப் புற்று நோயாளிகள் 27 பேருக்கு நரம்பில் ஏற்றிப் பார்த்தார்கள். 2016இல் முடிவு வெளியாயிற்று. ஒருவருக்கும் அந்த மருந்தால் நோய் பின்வாங்கவில்லை. உடம்பிலிருந்து மருந்து சீக்கிரம் வெளியேறிவிட்டது. அளவைக் கூட்டினால் குமட்டலும் வாந்தியும் தாங்கவில்லை.

டாக்சிசைக்ளினுக்கு இதைவிட நல்ல செய்தி உண்டு. உங்கள் அண்ணியின் நோய்க்கு நெருக்கமானதும் அதுதான். இத்தாலியின் பீசா நகரில், தொடக்க நிலை மார்பகப் புற்று உள்ள 9 பெண்களுக்கு அறுவைக்கு முன் 14 நாள், நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் கொடுத்தார்கள்; 6 பேருக்குக் கொடுக்கவில்லை. மருந்துக்கு முன்பும் பின்பும் கட்டியிலிருந்து எடுத்த திசுவை ஒப்பிட்டபோது, தண்டு உயிரணுக்களின் அடையாளமாகக் கொள்ளப்படும் ஒரு புரதம் அந்த 9 பேரில் 8 பேருக்குக் குறைந்திருந்தது. 2018இல் வெளியான இந்த ஆய்வைத்தான் பலர் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அதை எழுதியவர்களே அதற்கு முன்னோட்டம் என்றுதான் பெயர் வைத்தார்கள். அடையாளப் புரதம் குறைவது ஒன்று, நோய் திரும்பாமலிருப்பது வேறொன்று, ஆயுள் கூடுவது இன்னொன்று. முதலாவது கிடைத்துவிட்டால் மற்ற இரண்டும் தாமே பின்னால் வரும் என்று நம்பி ஏமாந்த மருந்துகள் புற்றுநோய் மருத்துவத்தில் ஏராளம். தவிர, அந்த 9 பேரும் மருந்தை அறுவைக்கு முன் எடுத்தவர்கள். உங்கள் அண்ணியோ அறுவை முடிந்து கீமோவில் இருப்பவர்.

இன்னொரு ஆய்வையும் சொல்லியாக வேண்டும். புலனத்தில் அது ஒருநாளும் வராது. பிரான்சில், இரத்தப் புற்றுக்காகப் பிறரிடமிருந்து எலும்பு மச்சை மாற்று பெற்றவர்களின் நுரையீரல் கெடாமல் காக்கலாம் என்ற நோக்கத்தில் 480 பேரைச் சேர்த்து, ஒரு பாதிக்கு அசித்ரோமைசினும் மறுபாதிக்கு வெறும் மாத்திரையும் நீண்ட காலத்துக்குக் கொடுத்தார்கள். அசித்ரோமைசினும் மைட்டோகாண்ட்ரியாவைத் தொடக்கூடிய மருந்துதான். ஆய்வகத்தில் தண்டு உயிரணுக்களுக்கு எதிராக நிறுத்தப்பட்ட மருந்துகளில் அதன் குடும்பமும் உண்டு. ஆய்வைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. மருந்து எடுத்தவர்களில் 32.9 விழுக்காட்டினருக்குப் புற்று திரும்பியது, எடுக்காதவர்களில் 20.8 விழுக்காட்டினருக்குத்தான் திரும்பியது. 2018 ஆகஸ்டில் அமெரிக்க மருந்து ஆணையம் மருத்துவர்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. நோயும் சூழலும் வேறு என்பதால் உங்கள் அண்ணிக்கும் அப்படியே ஆகும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ‘கிருமி மருந்துதானே, பலித்தால் நல்லது, பலிக்காவிட்டால் நட்டமில்லை’ என்ற கணக்கு நிற்காது என்பதற்கு இதைவிடக் கனமான சான்று எனக்குத் தெரியாது.

இனி அந்த நான்கு கேப்சூலுக்கு வருவோம். நூறு மில்லிகிராம் வீதம் நான்கு என்றால் பீசாவில் கொடுத்த அளவில் இரண்டு நாளுக்குத்தான் வரும். எந்தக் கணக்கிலும் அது சிகிச்சை ஆகாது. கெடுதல் செய்ய மட்டும் அது போதும். கீமோவால் வாயும் தொண்டையும் புண்ணாகியிருக்கும் ஒருவர் டாக்சிசைக்ளினை ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கிவிட்டுப் படுத்தால், கேப்சூல் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கரைந்து புண்ணாக்கும். நல்ல உடம்புக்காரருக்கே, ஒரு குவளை நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்காரச் சொல்லித்தான் இதைக் கொடுப்போம். அண்ணி இரும்புச் சத்து மாத்திரையோ சுண்ணாம்புச் சத்து மாத்திரையோ எடுத்துக்கொண்டிருந்தால், மருந்து அவற்றோடு பிணைந்துகொண்டு உடம்பில் சேராமல் போகும். வெயில் பட்டால் தோல் கன்றிச் சிவக்கும். உங்கள் கணவருக்கும் அப்படி ஆகியிருக்கலாம், முகத்துக்குத் துண்டு கட்டாமல் வெட்டப் போயிருந்தால். குடலில் இருக்கும் நல்ல கிருமிகளும் குலையும். எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிடும் புதிய வகைப் புற்று மருந்துகளைப் பெறுகிறவர்களிடம், ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்களுக்கு அந்த மருந்துகள் குறைவாகவே பலன் தந்ததைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2018இல் காட்டியிருக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு அச்சம் தருவது வேறு. கீமோ நடக்கும்போது வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாளில் 38 பாகைக் காய்ச்சல் வந்தால், அது இரவு இரண்டு மணியானாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரம். வீட்டில் ஓர் ஆன்டிபயாட்டிக்கை அரைகுறையாக விழுங்கியிருந்தால் காய்ச்சல் மந்தமாகி, அந்த அவசரம் மறைந்துபோகும். மருத்துவமனையில் இரத்தம் எடுத்துச் சோதித்தாலும் கிருமி பிடிபடாமல் போகலாம். அண்ணி ஒருவேளை ஏற்கெனவே ஒன்றிரண்டு சாப்பிட்டிருந்தால் அதை மறைக்காமல் அடுத்த கீமோவுக்கு முன்பே சொல்லச் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று பயப்பட வேண்டாம். திட்டினாலும் அது பரவாயில்லை.

மலிவு என்பதால் மறைக்கிறார்கள் என்ற வரியில் அரைப் பங்கு உண்மை இருக்கிறது. அமெரிக்காவில் டாக்சிசைக்ளின் 1967இல் அனுமதி பெற்றது. காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம் என்ற மருந்துக்குக் கோடிக்கணக்கில் செலவழித்துப் பெரிய சோதனை நடத்த எந்த நிறுவனமும் முன்வராது என்பது மெய். ஆனால் முதல் போடுகிறவர் இல்லாததும் மறைப்பதும் ஒன்றல்ல. மேலே நான் எழுதியவை அனைத்தும் எவரும் படிக்கும்படி வெளியான ஆய்வுகள். பழைய மருந்து புதிய வேலைக்கு வந்த கதைகளும் உண்டு. கருவிலிருந்த குழந்தைகளை முடமாக்கியதால் விலக்கப்பட்ட தாலிடோமைடு, 2006இல் மச்சைப் புற்று ஒன்றுக்கு அமெரிக்காவில் முறைப்படி அனுமதி பெற்றது. சோதனையில் தேறியது, அதனால் வந்தது.

டாக்டரிடம் கேட்கக் கூச்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த முறை அண்ணியோடு நீங்களும் போங்கள். “டாக்டர், டாக்சிசைக்ளின் பற்றி ஒரு செய்தி படித்தோம், அண்ணிக்கு அது பொருந்துமா, இங்கே அப்படி ஏதாவது ஆய்வு நடக்கிறதா?” என்று இரண்டு வரியில் கேட்டால் போதும். மலாயிலோ ஆங்கிலத்திலோ கேட்கத் தயக்கமாக இருந்தால் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். ஆய்வு என்று சொல்லி எவராவது தனியாக அணுகினால், சுகாதார அமைச்சின் மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா என்று பாருங்கள். முறையான ஆய்வில் உங்களுக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் படிவம் தருவார்கள். சோதிக்கும் மருந்துக்கு உங்களிடம் பணம் வாங்க மாட்டார்கள்.

கேள்வி: எனக்குக் கொடுக்கும் கீமோவைத் தாதி ‘சிவப்பு மருந்து’ என்பார். அதன் பெயர் டாக்சோரூபிசின். அதுவும் ஆன்டிபயாட்டிக் வகைதான் என்று என் மகன் இணையத்தில் பார்த்துச் சொன்னான். அப்படியென்றால் ஆன்டிபயாட்டிக் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று ஆகிவிட்டதே? – வாசகி, கூலிம்

பதில்: மகன் பார்த்தது தவறில்லை, பெயர்தான் குழப்புகிறது. இத்தாலியில் காஸ்டெல் டெல் மோன்டே என்ற பழங்கோட்டைக்கு அருகே 1950களில் எடுத்த மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரின் வழியில் வந்த மருந்து அது. நுண்ணுயிரிலிருந்து பிறந்தது என்பதால் பழைய நூல்கள் அதனைப் புற்று எதிர் ஆன்டிபயாட்டிக் என்று வகைப்படுத்தின. இருமலுக்கோ புண்ணுக்கோ அதை யாரும் கொடுப்பதில்லை. அது உயிரணுவின் கருவிலுள்ள டி.என்.ஏ.வைக் குறிவைக்கிறது, டாக்சிசைக்ளின்போல ரைபோசோமை அல்ல. இரண்டு பெயரும் ‘டாக்சி’, ‘டாக்சோ’ என்று ஒலிப்பது வெறும் தற்செயல். மருந்து ஏற்றிய மறுநாள் சிறுநீர் சிவந்து போவதும் மருந்தின் நிறமே. இரத்தம் என்று பயந்துவிடாதீர்கள்.

ஆனால் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் இந்த மருந்துக்கும் ஒரு வழக்கு உண்டு. ஓய்வின்றித் துடிக்கும் இதயத் தசையில் மைட்டோகாண்ட்ரியா நிரம்பிக் கிடக்கிறது. சிவப்பு மருந்து அங்கே போய் அதைக் காயப்படுத்தும். அதனால்தான் வாழ்நாளில் மொத்தம் இவ்வளவுதான் என்று இதற்கு ஓர் உச்ச அளவு வைத்திருக்கிறார்கள். இதய ஸ்கேன் எடுக்கச் சொல்வதும் அதற்காகவே. ஸ்கேன் நாளைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி: நான் பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். அதுவும் மைட்டோகாண்ட்ரியாவை அடக்கிப் புற்றுநோயைத் தடுக்கும் என்கிறார்களே? – ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணி, பாகான் சிராய்

பதில்: அடக்குவது மெய்தான்; ஆற்றல் இயந்திரத்தின் முதல் கட்டத்தை மெட்ஃபார்மின் தடுக்கிறது. நீரிழிவுக்காக அதை எடுப்பவர்களுக்குப் புற்று குறைவாக வருவதுபோல் பழைய பதிவேடுகள் காட்டியதால் பெரிய நம்பிக்கை பிறந்தது. ஆன்டிபயாட்டிக்குகளுக்கு இன்னும் வாய்க்காத வாய்ப்பு இதற்குக் கிடைத்தது. நீரிழிவு இல்லாத 3,649 மார்பகப் புற்று நோயாளிகளைக் கனடா, அமெரிக்கா, பிரிட்டன், சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் சேர்த்து, ஐந்தாண்டு வரை மெட்ஃபார்மினோ வெறும் மாத்திரையோ கொடுத்துப் பார்த்தார்கள். 2022இல் முடிவு வந்தது: சிகிச்சைக்குப் பிறகு நோய் திரும்பாமல் காப்பதில், பெரும்பான்மையாக இருந்த ஹார்மோன் சார்ந்த வகைப் புற்றில் அது உதவவில்லை. நீங்கள் உங்கள் சர்க்கரைக்காக அதைத் தொடருங்கள். புற்றுக்காக என்று எண்ணி அளவைக் கூட்ட வேண்டாம்.

கேள்வி: உங்களைப் போன்றவர்கள் எதற்கெடுத்தாலும் ‘டாக்டரைக் கேள்’ என்கிறீர்கள். அந்தக் காலத்தில் தோட்டத்து டிரெஸ்ஸர் ஐயா டெட்ராசைக்ளினை அள்ளிக் கொடுத்தார். எல்லாரும் நன்றாகத்தானே இருந்தோம்? – வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: எல்லாரும் அல்ல, ஐயா. என் தங்கைக்கு மூன்று வயதில் அடிக்கடி காய்ச்சல் வரும். லயத்துக்கு அடுத்த மருந்தகத்தில் ஒவ்வொரு முறையும் மஞ்சள் நிற டெட்ராசைக்ளின் சிரப் ஒரு புட்டி கொடுத்துவிடுவார்கள். அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். அன்று தெரிந்தது அவ்வளவுதான். அந்த மருந்து சுண்ணாம்புச் சத்தோடு ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது என்பதால், ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருந்த நிலையான பற்களில் படிந்துவிட்டது. முளைத்தபோது முன்பற்களில் சாம்பலும் பழுப்புமாகக் குறுக்கே கோடுகள், மரத்தின் வளையம்போல. ஒவ்வொரு கோடும் ஒரு காய்ச்சல். இன்றைக்கும் படம் எடுக்கும்போது வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பாள்.

ஆன்டிபயாட்டிக்குகள் இந்நாட்டில் 1952ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின்கீழ் வருபவை. மருத்துவர் எழுதித் தராமல் மருந்துக்கடையில் விற்கக் கூடாதவை. முப்பது ஆண்டுகள் மருந்துக்கடைத் தட்டுக்குப் பின்னால் நின்றவன் என்ற முறையில், ‘இரண்டே இரண்டு மட்டும் கொடுங்கள், தம்பி’ என்று கேட்டவர்களை நான் திருப்பி அனுப்பியதும் உண்டு, ஏச்சு வாங்கியதும் உண்டு. புற்றுநோய்ச் செய்தி பரவத் தொடங்கிய பிறகு அப்படிக் கேட்டு வந்தவர்கள் காய்ச்சல்காரர்களைவிட அதிகமாக வற்புறுத்தினார்கள். அவர்கள் வீட்டில் நடப்பது தெரிந்ததால் அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

முதல் கேள்வி கேட்ட சகோதரிக்கு இன்னொரு வேலை. அந்த நான்கு கேப்சூலைக் குப்பையிலோ கால்வாயிலோ போடாதீர்கள். அட்டையோடு அப்படியே அரசாங்கக் கிளினிக்கின் மருந்துப் பகுதியில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். போகும்போது கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். அடுத்த முறை கறுத்த பொருக்கு வந்தால் ஏழு நாளையும் எண்ணி முடிக்க வேண்டும் என்று அவர்கள் வாயாலேயே அவருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.